ஒரே தேதியில் மறைந்தவர்கள்: வாசல் பலகை முதல் மாலைக் கூட்டம் வரை ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் 5, காலை ஆறரை மணி. அயனாவரத்தில் எங்கள் படிப்பகத்தின் வாசல் பலகையில் ஒன்பது பெயர்கள் எழுதி முடித்திருந்தேன். மொசார்ட், அலெக்சாண்டர் டூமா, குளோத் மோனே, அம்ரிதா ஷெர்கில், அரவிந்தர், அவனீந்திரநாத் தாகூர், கல்கி, நெல்சன் மண்டேலா, ஜெயலலிதா. மேலே கொட்டை எழுத்தில் 'இன்று மறைந்தவர்கள்'. பால் பாக்கெட்டோடு போன ஒருவர் நின்று படித்தார். முகம் மாறிவிட்டது. "ஏதாவது விமான விபத்தா சார்?" என்று கேட்டார்.

ஆண்டை எழுத மறந்திருந்தேன்.

அன்றிலிருந்து பல வருடமாக இந்தப் பலகையை எழுதிவருகிறேன். சில தேதிகளுக்குச் சின்னதாக ஒரு மாலைக் கூட்டமும் உண்டு. பள்ளிக்கூடம், அடுக்குமாடிக் குடியிருப்பு, வாசகர் வட்டம், வாட்ஸ்அப் குழு என்று எங்கே செய்தாலும் வேலை ஒன்றுதான். எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்காக, தப்பு செய்து கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரே தேதியில் மறைந்ததில் எந்த ரகசியமும் இல்லை. வருடத்துக்கு 365 நாள்தான், பெரிய மனிதர்கள் ஆயிரக்கணக்கில், மோதத்தான் செய்யும். 'விதியின் விளையாட்டு', 'அதிசய ஒற்றுமை' என்று எழுத ஆரம்பித்தால் அது ஜோசியப் பக்கமாகிவிடும். தேதி என்பது விரித்துப் போடும் பாய் மாதிரி. வேறு எப்படியும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவே வாய்ப்பில்லாதவர்களை அது ஒரு சாயங்காலம் உட்கார வைக்கிறது. அவ்வளவு போதும்.

தேதியைப் பிடிப்பது

தினமும் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை, காலண்டர் கிழிகிறபடி எழுதிக்கொண்டு போகலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் மாதம் ஒரு தேதி எடுத்துக்கொள்வது நல்லது. சென்னைக்காரர்களுக்கு எளிதாகத் தொடங்க ஏற்ற சில தேதிகளைச் சொல்கிறேன்.

ஜனவரி 30, எல்லாருக்கும் தெரிந்தது. 1948இல் டெல்லியில் காந்தி சுடப்பட்ட அதே நாளில் அமெரிக்காவில் ஆர்வில் ரைட்டும் மறைந்தார். விமானத்தை முதன்முதலில் பறக்கவிட்ட சகோதரர்களில் இளையவர். அன்றைய உலகத்துக்கு அவர் சாவைக் கவனிக்க நேரம் இருந்திருக்காது.

ஆகஸ்ட் 7: தாகூர் 1941, கருணாநிதி 2018. இரண்டு பேருமே முதுமையிலும் பேனாவை விடாதவர்கள். இருவருக்கும் வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கிற இடத்தைப் பேசினாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

அக்டோபர் 2 கொஞ்சம் விசேஷம். காந்தி பிறந்த நாள் என்பதால் காமராசர் மறைந்த நாள் (1975) அதற்குள் ஒளிந்துகொள்கிறது. ஓவியர் ராஜா ரவி வர்மா மறைந்ததும் (1906) இதே தேதிதான். இப்படிப் பெரிய பிறந்த நாளின் நிழலில் போய்விட்ட நினைவு நாட்களைத் தேடிப் பிடிப்பதில் எனக்குத் தனி ருசி. டிசம்பர் 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாரதி பிறந்த நாள் என்று ஊரே சொல்லும். எம்.எஸ். சுப்புலட்சுமி 2004இல் மறைந்ததும் ரவிசங்கர் 2012இல் மறைந்ததும் அதே தேதி என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

டிசம்பர் 24: பெரியார் 1973, எம்.ஜி.ஆர். 1987, பி. பானுமதி 2005. சென்னையில் இதைவிட எளிதான தேதி கிடையாது. இதைவிடச் சிக்கலான தேதியும் கிடையாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பட்டியல் எடுப்பது

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் 'இறப்புகள்' என்ற பகுதியைப் பாருங்கள். ஆங்கிலப் பக்கத்தையும் பாருங்கள், அங்கே உலகம் இருக்கும், நம்மவர்கள் குறைவாக இருப்பார்கள். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரின் அடிப்பகுதியில் சில பெயர்கள் கிடைக்கும். இதெல்லாம் தொடக்கம்தான். ஒரு இடத்தில் பார்த்ததை அப்படியே பலகைக்குக் கொண்டுபோகாதீர்கள். குறைந்தது இரண்டு இடங்களில் ஒத்துப்போக வேண்டும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று நகலெடுத்தது என்றால் அது இரண்டு ஆகாது.

உள்ளூர்க்காரர்களைத் தேடுவதற்கு மெனக்கெடத்தான் வேண்டும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டலாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய தமிழ் இதழ்களுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் நாளிதழில் ஒரு பொறி இருக்கிறது. செய்தி வந்த தேதி வேறு, இறந்த தேதி வேறு. 6ஆம் தேதி பேப்பரில் 'நேற்று காலமானார்' என்று இருக்கும். அந்த 'நேற்று'வைக் கவனிக்காமல் 6 என்று எழுதிவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன்.

தேதியைச் சரிபார்ப்பது: இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

மற்றதெல்லாம் அரை மணி நேர வேலை. இது ஒன்றுதான் உண்மையான வேலை.

நள்ளிரவிலிருந்து ஆரம்பிப்போம். பாரதி திருவல்லிக்கேணி வீட்டில் 1921 செப்டம்பர் 11ஆம் தேதி இரவு, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் உயிர்விட்டார். கடிகாரப்படி அது 12. மாநகராட்சிப் பதிவிலும் 12 என்றே இருக்கிறது. ஆனால் பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்று கணக்கு வைக்கும் நம் வழக்கப்படி அது 11ஆம் தேதி இரவுதான். ஊரெல்லாம் 11 என்றே நினைவு வைத்தது. தமிழ்நாடு அரசும் 2021இல் செப்டம்பர் 11ஐ 'மகாகவி நாள்' என்று அறிவித்தது. நான் பலகையில் 11 என்று எழுதி, பக்கத்தில் 'நள்ளிரவுக்குப் பின்' என்று சின்னதாகப் போடுவேன். யாராவது வந்து சண்டை பிடித்தால் அந்த இரண்டு சொல் காப்பாற்றும். இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும் 1957இல் செப்டம்பர் 11தான். இருவரும் அன்று ஒரே பலகையில் வருவார்கள். சாதியைச் சாடிய கவிஞரும் சாதிக்கு எதிராகப் போராடிக் கொலையுண்டவரும் பக்கத்தில் பக்கத்தில்.

அடுத்தது கடிகாரம் எந்த ஊருடையது என்பது. மண்டேலா 2013 டிசம்பர் 5 இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் ஜோகன்னஸ்பர்க்கில் மறைந்தார். தென்னாப்பிரிக்கா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அப்போது சென்னையில் நள்ளிரவு தாண்டி டிசம்பர் 6 பிறந்துவிட்டது. நம் கடிகாரப்படி எழுதினால் அவர் அம்பேத்கர் மறைந்த நாளில் (1956) வந்து சேர்ந்துவிடுவார். அது பொருத்தமாகக்கூடத் தோன்றும், ஆனால் செய்யக் கூடாது. விதி எளிது: எந்த மண்ணில் உயிர் போனதோ அந்த ஊர்க் கடிகாரம்தான் கணக்கு. கென்னடி விஷயமும் இதேதான். அவர் இறந்தது 1963 நவம்பர் 22 பகல் ஒரு மணிக்கு, நமக்கு 23 பிறந்து அரை மணி நேரம். ஆனாலும் 22 என்றுதான் எழுத வேண்டும். அன்றைக்கே எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி.எஸ். லூயிஸும் மறைந்தார்கள். நவம்பர் 22இல் நம்ம ஆளும் ஒருவர் உண்டு, பாலமுரளிகிருஷ்ணா, 2016இல் சென்னையில்.

டிசம்பர் 5 முழுக்கவே நள்ளிரவுத் தொல்லை பிடித்த தேதி. மொசார்ட் போனது 5 பிறந்து ஒரு மணி நேரத்துக்குள். அரவிந்தர் புதுச்சேரியில் பின்னிரவு ஒன்றரை மணிக்குச் சற்று முன்னால். ஜெயலலிதா மறைந்த நேரம் இரவு பதினொன்றரை என்று அறிவித்தார்கள், ஆனால் அறிவிப்பு வெளிவந்தபோது 6 பிறந்துவிட்டது. அதனால்தான் இன்னமும் சிலர் 6 என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, காலண்டரே வேறாக இருப்பது. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23இல் ஒரே நாளில் மறைந்தார்கள் என்று எல்லா இடத்திலும் இருக்கும். பாதி உண்மை. ஸ்பெயின் 1582லேயே புதிய காலண்டருக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து மாறியது 1752இல்தான். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவே பத்து நாள் வித்தியாசம். இங்கிலாந்தின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22, அடக்கம் செய்ததுதான் 23 என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆனாலும் யுனெஸ்கோ 1995இல் இந்தத் தேதியைத்தான் உலகப் புத்தக நாளாக எடுத்துக்கொண்டது. சென்னைப் புத்தகக் கடைகள் அன்று தள்ளுபடி தருகின்றன, நமக்கும் நஷ்டம் இல்லை. ஏப்ரல் 23க்குக் காலண்டர் தகராறே இல்லாத ஒரு பெயர் வேண்டுமென்றால் சத்யஜித் ரே இருக்கிறார், 1992.

நான்காவது, திதி. தியாகராசர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆனால் திருவையாற்றில் ஆராதனை நடப்பது புஷ்ய பகுள பஞ்சமியில், அது வருடத்துக்கு வருடம் நகரும். வீட்டில் திவசம் திதி பார்த்தும், பேப்பரில் நினைவஞ்சலி இங்கிலீஷ் தேதி பார்த்தும் கொடுக்கிற குடும்பங்கள் நமக்குத் தெரிந்ததுதானே. நாயன்மார்களுக்குக் குருபூசை மாதமும் நட்சத்திரமும் பார்த்து. தர்காக்களில் கந்தூரி ஹிஜிரி கணக்கில், அது நம் காலண்டரில் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். வங்காளிகள் தாகூரை ஆகஸ்ட் 7 என்று சொல்வதைவிட 'சிராவணம் 22' என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களைப் பலகையில் சேர்க்கும்போது ஆங்கிலத் தேதிப்படி என்று குறிப்பிட்டுவிடுங்கள். உரிய நாளில் அவர்களுக்கு வேறு இடத்தில் விழா நடக்கும், நீங்கள் அதோடு போட்டி போடவில்லை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

இறந்தார், மறைந்தார், காலமானார், இயற்கை எய்தினார், சித்தி அடைந்தார், இறைவனடி சேர்ந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார். தமிழில் சாவுக்குச் சொல் பஞ்சமே இல்லை, அதுதான் சிக்கல். நான் பலகைக்கு 'மறைந்தார்' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். எல்லாருக்கும் பொருந்தும், யாருக்கும் உறுத்தாது. பெரியாருக்கு 'இறைவனடி சேர்ந்தார்' என்று யாராவது எழுதினால் அவரே எழுந்து வந்து தடியால் தட்டுவார்.

இரண்டு விதிவிலக்கு. கொல்லப்பட்டவர்களுக்கு 'மறைந்தார்' போதாது. காந்தி மறையவில்லை, சுட்டுக் கொன்றார்கள். அதை அப்படியே எழுத வேண்டும். இன்னொன்று வள்ளலார். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவர் ஒளியில் கலந்தார் என்பது அவர் வழி நடப்பவர்கள் நம்பிக்கை. அவர்களுக்கு அது நினைவு நாளே அல்ல. காந்தியோடு அவரையும் ஜனவரி 30 பலகையில் எழுதுவதென்றால் 'சித்தி பெற்ற நாள்' என்று தனியாக எழுதுங்கள்.

ஆண்டுக் கணக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டிலிருந்து மறைந்த ஆண்டைக் கழித்தால் வருவதுதான் எத்தனையாவது நினைவு நாள் என்பது. கல்கி 1954, ஆகவே 2024இல் 70ஆம் ஆண்டு நினைவு நாள். மறைந்த வருடத்தையே ஒன்று என்று எண்ணி 71 போடுபவர்கள் உண்டு. விரல் விட்டு எண்ணாதீர்கள், கழித்துப் பாருங்கள்.

அப்புறம், குழுவில் யாராவது 'நினைவு நாள் வாழ்த்துகள்' என்று போட்டால் கோபப்படாமல் தனியாகச் சொல்லுங்கள். பழக்க தோஷம்.

பெயர்களைக் குறைப்பது

ஒன்பது பேர் எழுதினால் ஒருவரும் மனதில் நிற்க மாட்டார்கள். ஐந்துக்கு மேல் போகாதீர்கள், கூட்டமென்றால் மூன்று. எதை விடுவது என்பதில்தான் எழுதுபவரின் கை தெரியும். நான் பார்ப்பது: இந்த ஊரில் வாழ்ந்த ஒருவராவது இருக்கிறாரா, ஒரு பெண்ணாவது இருக்கிறாரா, படிப்பவர் 'யார் இது?' என்று கேட்கப்போகும் ஒரு பெயராவது இருக்கிறதா. மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியம். எல்லாருக்கும் தெரிந்தவர்களையே எழுதிக்கொண்டிருக்கப் பலகை எதற்கு, அவர்களுக்குத்தான் சிலையே இருக்கிறதே.

டிசம்பர் 5க்கு நான் கடைசியில் நிறுத்தியது நான்கு பேர். கல்கியையும் டூமாவையும் சேர்த்தே வைத்தேன். டூமா 1870இல் மறைந்த பிரெஞ்சு நாவலாசிரியர். பத்திரிகையில் தொடராக எழுதி, வரலாற்றுக் கதையை அடுத்த பகுதி எப்போது என்று காத்திருந்து படிக்கவைத்தவர். கல்கி தமிழில் செய்ததும் அதுவேதான். அவர் காசநோயில் 55 வயதில் சென்னையில் மறைந்தபோது கடைசி நாவல் பாதியில் நின்றது, அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்திதான் எழுதி முடித்தார். இந்தத் தேதி ஒற்றுமையில் அர்த்தம் இல்லை என்று மேலே நானே சொன்னேன். ஆனால் ஒருவரைச் சொன்னதும் இன்னொருவரைப் பேச வழி கிடைக்கிறது என்றால் அதை ஏன் விடுவானேன்?

மூன்றாவது அம்ரிதா ஷெர்கில். 1941இல் லாகூரில், 28 வயதில். 1937இல் தெற்கே வந்து கன்னியாகுமரி வரை பயணம் செய்து, நம் ஊர் மனிதர்களின் நிறத்தைக் கண்டு திகைத்துப் போய் ஓவியங்கள் வரைந்தவர். எங்கள் தெருவில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. ஆகவே அவருக்குத்தான் அதிக இடம். நான்காவது மண்டேலா. ஜெயலலிதாவை ஏன் விட்டேன் என்று கேட்டார்கள், கேட்கத்தான் செய்வார்கள். அன்று தெருமுனையில் அவருக்கு ஆளுயரப் படம் வைத்து, மாலை போட்டு, பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பலகை இல்லாமலே எல்லாருக்கும் தெரியும் என்றேன். அந்தப் பதில் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் ஐந்தாவதாகச் சேர்த்தேன். ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்று நான் போட்ட விதிக்கு அது ஒத்துவந்தது, அதனால் எனக்கும் மனக்குறை இல்லை.

யார் முதலில், யார் பிறகு என்ற சண்டைக்கு ஒரே மருந்து, மறைந்த ஆண்டு வரிசை. டிசம்பர் 24இல் இதுதான் எங்களைக் காப்பாற்றுகிறது. பெரியார் 73, எம்.ஜி.ஆர். 87, பானுமதி 2005. கட்சி இல்லை, மரியாதைக் கணக்கு இல்லை, வருடம்தான் வரிசை. படங்களும் ஒரே அளவு இருக்கட்டும். ஒரு அங்குலம் கூடினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி. பட்டங்கள் வேண்டாம், 'ஈடு இணையற்ற', 'மாபெரும்' எதுவும் வேண்டாம். அவர் செய்த ஒரு காரியத்தை எழுதுங்கள். பெரியாருக்கு நான் எழுதுவது இது: '1973 டிசம்பர் 19, தியாகராய நகர்க் கூட்டத்தில் கடைசிப் பேச்சு. ஐந்தாம் நாள் வேலூரில் மறைந்தார். வயது 94.' இதைப் படித்துவிட்டு ஒரு கல்லூரிப் பையன், "தொண்ணூத்தி நாலு வயசுலயும் மேடை ஏறினாரா?" என்று கேட்டான். 'பகுத்தறிவுப் பகலவன்' என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

பலகை எழுதுவது

முந்தின நாள் இரவே ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். காலையில் துடைத்தால் பழைய எழுத்து வெள்ளைப் பேயாக அடியில் தெரியும். சாக்பீஸ் முனையைத் தண்ணீரில் நனைத்து எழுதுங்கள். எழுதும்போது மங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம், காய்ந்ததும் பளிச்சென்று எடுத்துக்கொடுக்கும். கையில் பட்டாலும் சட்டென்று அழியாது. ஆண்டைப் பெயருக்கு முன்னால், பெயர் அளவுக்கே பெரிதாகப் போடுங்கள், விமான விபத்துக் கேள்வி வராது. பெயர் மஞ்சள், மற்றது வெள்ளை. சிவப்பு சாக்பீஸ் கரும்பலகையில் தூரத்துக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பலகையைச் சாரல் அடிக்காத பக்கம் திருப்பி வையுங்கள்.

ஃப்ளெக்ஸ் அடிப்பதாக இருந்தால் படத்தை நீங்களே கொடுங்கள். ஒரு டிசம்பர் 24க்கு பானுமதி பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். கடைக்காரர் இணையத்தில் கைக்கு வந்த படத்தை இறக்கிப் போட்டுவிட்டார். கட்டி முடித்துக் கீழே இறங்கிப் பார்த்தால் மேலே சிரித்துக்கொண்டிருப்பது சாவித்திரி. அவர் மறைந்தது 1981 டிசம்பர் 26. இரண்டு நாள் பொறுத்துக் கட்டியிருந்தால் சரியாகவே இருந்திருக்கும். நடுத்தெருவில், நடைபாதையில் அனுமதி இல்லாமல் பேனர் கட்டாதீர்கள், சுவருக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைக் கூட்டம்

மாலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடியுங்கள். பேசுபவர் ஒருவருக்குப் பத்து நிமிடம். கைபேசியில் அலாரம் வைத்து மேசைமேல் வைத்துவிடுங்கள், மணி அடிப்பது நீங்கள் இல்லை, மெஷின் என்பதால் யாருக்கும் வருத்தம் வராது. படிப்பகத்துக்கு உள்ளே, சின்ன ஸ்பீக்கர் போதும். தெருவில் மைக் கட்டுவதென்றால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி கூடவே கூடாது.

விளக்கேற்றலாமா, கூடாதா? நினைவு கொள்பவர்களில் ஒருவராவது அதை ஏற்காதவர் என்றால் ஏற்ற வேண்டாம். பூ மட்டும் போதும், அது எல்லாருக்கும் சரி. மௌனம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பதினைந்து நொடியில் 'நன்றி' சொல்லும் பழக்கம் நம் ஊர்க் கூட்டங்களில் இருக்கிறது. கடிகாரம் பார்த்து நில்லுங்கள். முழு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியும்.

பேச்சைவிட வாசிப்பு நன்றாக எடுபடும். எழுத்தாளர் என்றால் அவர் எழுதியதில் ஒரு பக்கம், பாடகர் என்றால் ஒரு பாட்டு, ஓவியர் என்றால் ஒரே ஒரு ஓவியத்தைச் சுவரில் காட்டி ஐந்து நிமிடம் சும்மா பார்ப்பது. டிசம்பர் 11க்கு நாங்கள் பேச்சே வைப்பதில்லை. முதலில் எம்.எஸ்., பிறகு சிதார். கடைசியில் ஒரு பிள்ளை பாரதி பாட்டு பாடும், பிறந்த நாள் ஆயிற்றே.

நேரில் போய்ப் பார்ப்பது

சில தேதிகளுக்குப் பலகையைவிட நடந்து போய்ப் பார்ப்பது பொருத்தம். டிசம்பர் 24இல் வேப்பேரி பெரியார் திடலில் தொடங்கி மெரினா எம்.ஜி.ஆர். நினைவிடத்தில் முடிக்கலாம். காலையில் கட்சிக்காரர்கள் ஊர்வலம் இருக்கும், போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். நாலு மணிக்கு மேல் போங்கள். அக்டோபர் 2க்கு கிண்டி. காந்தி மண்டபத்துக்குப் பக்கத்திலேயே காமராசர் நினைவிடம். பிறந்த நாளும் நினைவு நாளும் ஒரே வளாகத்தில் நடந்து முடிந்துவிடும். நேரம் இருந்தால் தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் அவர் வாழ்ந்து மறைந்த வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாங்கள் வட சென்னைக்காரர்கள் என்பதால் மூலக்கொத்தளத்தை விடுவதில்லை. முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு 1939 ஜனவரி 15இல் உயிர்விட்ட நடராசனை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். மார்ச்சில் இறந்த தாளமுத்துவையும் அங்கேதான். எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகையைத் தினமும் கடந்து போகிறவர்களுக்கு அது இரண்டு பேருடைய பெயர் என்றே தெரியாது. தேதி பொங்கலோடு வருவதால் கூட்டம் சேராது. நாலு பேர் போனால் போதும்.

குறிப்பேடு

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்துக்கு இரண்டு தேதி என்று பிரித்துக்கொள்ளுங்கள், பிப்ரவரி 29க்கும் இடம் விட்டு. பெயர், ஆண்டு, ஊர், எங்கே பார்த்தது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். மூன்று வருடம் கழித்து ஒருவர் வந்து 'தப்பு' என்று சொல்லும்போது எதை நம்பி எழுதினோம் என்று நினைவிருக்காது. தப்பு என்று தெரிந்தால் மறுநாள் பலகையின் மூலையில் 'நேற்றைய திருத்தம்' என்று எழுதிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் பலகையில் பலர் முதலில் படிப்பதே அந்த மூலையைத்தான்.

கடைசி வரி

பெயர்களை நான்காகக் குறைத்து எழுதிய அந்த டிசம்பர் 5 அன்று, எதிர்சாரியில் இட்லிக் கடை போடும் அம்மா வந்து நின்றார். எழுத்துக் கூட்டி எல்லாவற்றையும் படித்தார். பிறகு, "எங்க வீட்டுக்காரரும் இன்னிக்குத்தாம்பா. பத்து வருஷம் ஆச்சு" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "எழுதட்டுமாம்மா?" என்றேன். "அவருக்கு எதுக்குப்பா?" என்று போய்விட்டார். சாயங்காலம் கடை கட்டும் நேரத்தில் திரும்பி வந்து, "சரி, எழுது. பேரு மட்டும் போதும்" என்றார். மண்டேலாவுக்குக் கீழே எழுதினேன். அன்றிரவு பலகையைத் துடைக்க மனம் வரவில்லை. மறுநாள் ஏழரைக்குத்தான் துடைத்தேன், அடியில் வெள்ளைப் பேய் தெரிந்தாலும் பரவாயில்லை என்று.

ஆகவே அடியில் ஒரு வரியைக் காலியாக விடுங்கள். 'உங்கள் வீட்டிலிருந்து' என்று ஓரத்தில் எழுதினால் போதும். வீட்டார் சொல்லாமல் யார் பெயரையும் நீங்களாக எழுதாதீர்கள். பக்கத்தில் ஒரு சாக்பீஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். சும்மா விளிம்பில் வைத்தால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எடுத்துப்போய்த் தெருவில் பாண்டிக் கட்டம் போட்டுவிடுவார்கள்.